எழுத்து கண்ணாமூச்சி ஆடினால்…

வானொலியில் வேலை செய்கிறவர்கள் தொண்டையைத்தான் பத்திரமாகப் பார்த்துக்கொள்வோம். கண்ணைப் பற்றி அவ்வளவாக நினைப்பதில்லை. எனக்கும் அப்படித்தான், சென்ற ஆண்டு வரை.

8 மணிச் செய்திக்குப் பத்து நிமிடம் இருந்தது. தாளில் 'அமைச்சர்' என்ற சொல்லின் நடு எழுத்துகளைக் காணவில்லை. அந்த இடத்தில் ஒரு மினுமினுப்பு. எங்கே பார்த்தாலும் கூடவே வந்தது. ஒரு கண்ணை மூடினேன், போகவில்லை. மறு கண்ணை மூடினேன், அப்போதும் இருந்தது. பேச்சு மட்டும் தெளிவாக இருந்தது.

"அக்கா, எழுத்து தெரியலை" என்றேன். தயாரிப்பாளர் அக்கா ஒரு கேள்வியும் கேட்காமல் தாளை வாங்கிக்கொண்டு, "நீ ஆஸ்பத்திரிக்குப் போம்மா, நான் படிக்கிறேன்" என்றார்.

சக ஊழியர் காரில் அழைத்துப் போனார். வழியிலேயே அந்த மினுமினுப்பு ரம்பப் பல் போன்ற வளைவாக விரிந்து, ஓரத்துக்கு நகர்ந்து மறைந்தது. கடைப் பலகைகளைப் படிக்க முடிந்தது. அதன் பிறகு வந்தது தலைவலி.

பரிசோதனைகள் முடிந்து டாக்டர் சொன்னது, ஒற்றைத் தலைவலிக்கு முன் வரும் 'ஓரா'. கோளாறு கண்ணில் இல்லை. மூளையின் பின்பக்கம், பார்வைக்கான பகுதியில், நரம்பணுக்கள் அலைபோலக் கிளர்ந்து பிறகு சற்று நேரம் ஓய்ந்துவிடுகின்றன. அலையின் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான். மினுமினுப்பு மெல்ல நகர்வது அதனால்தான். பிரேசில் நாட்டு ஆய்வாளர் அரிஸ்டிடெஸ் லியாவோ இத்தகைய அலையை முயலின் மூளையில் கண்டு 1944இல் எழுதியிருக்கிறார். பெரும்பாலும் 5 முதல் 60 நிமிடத்துக்குள் தானாகவே சரியாகிவிடும். சிலருக்கு எழுத்து கண்ணுக்குத் தெரிந்தாலும் பொருள் விளங்காமல் போவதுண்டு.

தூக்கம் குறைவதும் வேளைக்குச் சாப்பிடாததும் பலருக்கு இதைத் தூண்டிவிடும். அதிகாலை வேலைக்காரியான எனக்கு இரண்டும் பழக்கம். இப்போது பசியாறாமல் மைக் முன் உட்காருவதில்லை. வந்த தேதியையும் நேரத்தையும் சின்ன நோட்டில் குறித்து வைக்கிறேன். வந்தால், முழுதாக மறையும் வரை கார் ஓட்டுவதில்லை.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். பக்கவாதத்திலும் திடீரென்று வாசிக்க முடியாமல் போகலாம். ஆகவே முதல் முறை வரும்போது 'தலைவலிதானே' என்று நாமே முடிவு கட்டக்கூடாது. வீட்டில் யாராவது "எழுத்து தெரியலை" என்றால் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டு, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். முகம் ஒரு பக்கம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, தாமதிக்காமல் 999ஐ அழையுங்கள்.