கேட்கத் தெரியாத குறை

கிட்டப்பார்வைக்காரருக்குத் தம் கண்ணில் குறை இருப்பது தெரியாது. யாராவது சொன்னால்தான் உண்டு. தெருக்கோடியில் வருபவரைச் சிறுவயதில் நான் நடையை வைத்துத்தான் கண்டுகொள்வேன். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்ற நினைப்பு. மூக்கில் கண்ணாடி ஏறிய பிறகுதான், அவ்வளவு தூரத்திலேயே மனிதர்களுக்கு முகமும் உண்டு, அதில் சிடுசிடுப்பும் உண்டு என்று தெரிந்தது.

வெள்ளெழுத்து அப்படியில்லை. நாற்பதைத் தாண்டியவருக்கு நேற்றுவரை படித்த எழுத்து இன்று மங்குகிறது. இழந்தது இன்னதென்று தெரிவதால் வாய்விட்டுக் கேட்கிறார். மூக்குக்கண்ணாடியின் கதை வயதானவர்களிடம் தொடங்குவதற்கு எனக்குப் படும் காரணம் இதுதான்.

1306இல் ஃபிளாரன்ஸ் நகரில் பிரசங்கம் செய்த ஜோர்தானோ தா பீசா என்ற துறவி, கண்ணாடி செய்யும் கலை வந்து இருபது ஆண்டுகூட ஆகவில்லை என்றார். முதலில் செய்தவர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அந்த மனிதர் தொழில் ரகசியத்தை யாருக்கும் சொல்லவில்லையாம். பீசா மடத்துத் துறவி அலெஸ்ஸாந்த்ரோ தெல்லா ஸ்பீனா கைத்திறன் மிக்கவர். தாமே செய்து பார்த்து, மற்றவர்களுக்கும் முகமலர்ச்சியோடு சொல்லிக்கொடுத்தார் என்று மடத்து ஏடு குறித்திருக்கிறது. கண்டுபிடித்தவரை விட்டுவிட்டு ஸ்பீனாவைத்தான் நான் கும்பிடுவேன்.

அவையெல்லாம் நடுவில் தடித்த குவிவில்லைகள், அதாவது ஏடு படிக்கும் முதியவர்களுக்கானவை. என்னைப் போன்றவர்களின் முறை வர ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. 1462இல் மிலான் கோமகன் ஃபிரான்செஸ்கோ ஸ்ஃபோர்சா, ஃபிளாரன்ஸிலிருந்த தம் தூதருக்கு மூன்று டஜன் கண்ணாடி அனுப்பச் சொல்லிக் கடிதம் எழுதினார். ஒரு டஜன் தூரத்தில் பார்க்க, இளையவர்களுக்கு. இன்னொரு டஜன் கிட்டத்தில் பார்க்க, முதியவர்களுக்கு. மூன்றாவது டஜன் சாதாரணப் பார்வைக்கு. தமக்கு வேண்டாம், பலர் கேட்டு நச்சரிக்கிறார்கள் என்றும் சொல்லிவைத்தார். அதற்குள் இளையவர்களும் கேட்கக் கற்றுக்கொண்டிருந்தார்கள்!

குறை என்னவோ இம்மியளவுதான். விழியின் நீளம் முன்னிருந்து பின்னாக ஏறத்தாழ 24 மில்லிமீட்டர். அது ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக வளர்ந்தாலே இரண்டரை, மூன்று மைனஸ் பவர் வந்துவிடும். தூரத்திலிருந்து வரும் ஒளி விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிட்டு, மறுபடி சிதறி, கலங்கலாக விழுகிறது. நடுவில் மெலிந்த குழிவில்லை, ஒளியைக் கண்ணுக்கு வெளியிலேயே கொஞ்சம் விரித்து அனுப்புகிறது. குவியும் இடம் பின்னுக்குத் தள்ளிப்போய் விழித்திரையிலேயே அமைகிறது. கண் என்னவோ பழைய கண்தான், கழற்றினால் தெரிந்துவிடும்.

இந்தக் கணக்கை 1604இல் விளக்கியவர் வானியலாளர் கெப்ளர். சிறுவயதில் வந்த பெரியம்மை அவருடைய பார்வையையே கெடுத்திருந்தது. ஏன் தெரிகிறது என்று தெரியாமலே தலைமுறை தலைமுறையாகக் கடைக்காரர்கள் விற்றார்கள், வாங்கியவர்கள் பார்த்தார்கள். இதில் எனக்கு வியப்பில்லை. கைக்குத் தெரிந்தது ஏட்டுக்கு வர எப்போதும் நாளாகும்.

எங்கள் கூட்டத்துக்கு ஒரு சலுகையும் உண்டு. மைனஸ் இரண்டரைக்காரருக்குக் கண்ணாடி இல்லாமலே 40 சென்டிமீட்டர் வரை எல்லாம் துலக்கம். அது செய்தித்தாள் பிடிக்கும் தூரம். ஒருகாலத்தில் என்னைச் சோடாப்புட்டி என்று கூப்பிட்ட நண்பர்கள் இப்போது பேப்பரைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்துத் திணறுகிறார்கள். நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வரி விளம்பரம் வரை படித்துக்காட்டுகிறேன், கொஞ்சம் சத்தமாகவே.