ஒன்றுக்குப் பூஜ்யம்

எங்கள் கல்லூரி பாஸ்கெட்பால் அணியில் நான் எட்டாவது ஆள். அணியில் மொத்தமே எட்டுப் பேர்தான் என்பதைச் சொல்லாமல் விட்டால் கவுரவமாக இருக்கும் :) உயரம் ஐந்தடி நாலு அங்குலம். மூன்று வருடத்தில் நான் மைதானத்துக்குள் நின்ற நேரத்தையெல்லாம் கூட்டினாலும் திருத்தணியிலிருந்து அரக்கோணம் போகிற ரயில் நேரம்கூட வராது.

அணியின் கணக்கு என்னுடையதைவிட மோசம். ஆடியது 11, ஜெயித்தது 2. அதில் ஒன்று எதிரணி வந்த வண்டி வழியில் நின்றுபோனதால் கிடைத்தது. இந்த வருடம் கோர்ட்டை டூவீலர் ஸ்டாண்டாக மாற்றப் போகிறார்கள் என்று பேச்சு. அடுத்த வருடத்துக்குப் பத்துப் பேர் பட்டியல் கொடுத்தால் விட்டுவைப்பார்களாம். நாங்கள் மூன்று பேர் படிப்பு முடிந்து போகிறோம். மிச்சம் ஐந்து.

"ஜெயிக்காத டீமுக்கு எதுக்குடா கோர்ட்டு? பி.காம் தானே படிக்கிற, நீயே லாப நட்டம் போட்டுச் சொல்லு" என்றான் வகுப்பு நண்பன். பதில் தெரியவில்லை. எங்களுக்குச் சும்மாவே வந்து கற்றுத்தரும் ரிட்டயர்டு பி.டி. சாரிடம் போய்ப் புலம்பினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "உலகத்துலயே முதல் பாஸ்கெட்பால் மேட்ச்சுல ஸ்கோர் என்னன்னு தெரியுமாடா?"

தெரியாது. அன்று ராத்திரி உட்கார்ந்து தேடினேன்.

1891 டிசம்பர். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம், ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊர். ஒய்.எம்.சி.ஏ. நடத்திய ஒரு சின்னப் பயிற்சிப் பள்ளி. குளிர்காலத்தில் வெளியே விளையாட முடியாது. உள்ளே ஒரே டிரில்தான். 18 பேர் கொண்ட ஒரு வகுப்பு அந்த டிரில்லை வெறுத்தது. ஏற்கெனவே இரண்டு ஆசிரியர்கள் 'இந்தப் பசங்களோட ஆகாது' என்று கைவிட்ட வகுப்பு. (நம்ம கடைசி பெஞ்சு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.) அதை ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற கனடாக்காரர் தலையில் கட்டினார்கள். புது விளையாட்டு கண்டுபிடிக்க அவருக்குக் கொடுத்த அவகாசம் 14 நாள்.

அவர் பெட்டி கேட்டார். அங்கிருந்த பணியாளர் பெட்டி இல்லை என்று பீச் பழக்கூடை இரண்டு கொண்டுவந்தார். அதை மாடிக் கைப்பிடியில் ஆணியடித்து மாட்டினார்கள். அந்தக் கைப்பிடி தரையிலிருந்து பத்தடி உயரத்தில் இருந்தது. இன்றைக்கும் உலகம் முழுக்க ரிங் பத்தடி உயரத்தில் இருப்பதற்கு இதுதான் காரணம். வேறு எந்த விஞ்ஞானமும் இல்லை! (மறுநாளே டேப் எடுத்துப் போய் எங்கள் ரிங்கை அளந்தேன். ஒரு பக்கம் வளைந்து ஒன்பதடி எட்டு அங்குலம். அப்படியும் என் பந்து உள்ளே போகவில்லை.)

பக்கத்துக்கு ஒன்பது பேர், கால்பந்தை வைத்து ஆடினார்கள். முழு ஆட்டத்திலும் விழுந்தது ஒரே ஒரு கூடை. ஸ்கோர் 1-0. உலகத்தின் முதல் அணிகளின் சாதனை இதுதான்.

நெய்ஸ்மித் பிறகு கான்சாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய் 1898 முதல் 1907 வரை அணியை நடத்தினார். 55 வெற்றி, 60 தோல்வி. அந்தப் பல்கலைக்கழக பாஸ்கெட்பால் வரலாற்றில் தோல்வி அதிகமுள்ள ஒரே கோச், விளையாட்டைக் கண்டுபிடித்தவர்தான்! படித்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத முடியாது.

ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரி இன்றும் சின்னக் கல்லூரிதான். விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாத மூன்றாம் பிரிவில் ஆடுகிறது. ஆனால் அந்த முதல் ஆட்டத்தின் இரண்டு கேப்டன்களில் ஒருவர் டங்கன் பாட்டன். அவர்தான் 1894-இல் இந்தியாவுக்கு இந்த விளையாட்டைக் கொண்டுவந்தவர். மேட்ச் நடந்து மூன்றே வருடம்! டிவி இல்லை, நெட் இல்லை. விமானம்கூட இல்லை.

அப்புறம் நம்ம சென்னை. அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக், 1920-இல் மெட்ராஸில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை ஆரம்பித்தார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணிக்கு மேனேஜரும் அவர்தான். நந்தனம் பக்கம் போகிற எல்லோரும் அந்தக் கல்லூரி வாசலைப் பார்த்திருப்பீர்கள், நானும்தான். ஏதோ கண்காட்சி நடக்கிற மைதானம் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். 1950-இல் இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு தொடங்கியபோது முதல் தலைவரான சி.சி. ஆபிரகாம் அந்தக் கல்லூரிக்காரர். அங்கே படித்து முடித்தவர்கள் ஊர் ஊராகப் போய்ப் பள்ளிகளில் பி.டி. வாத்தியார் ஆனார்கள்.

எங்கள் சாரும் நந்தனத்தில் படித்தவர்தான்! மூன்று வருடம் அவரிடம் பழகியும் கேட்டதே இல்லை. மறுநாள் கேட்டேன். "ஆமாடா, அங்க எனக்கும் டீம்ல இடம் கிடைக்கல. விசில் ஊதக் கத்துக்கிட்டேன்" என்றார். சிரித்தாரா இல்லையா என்று தெரியவில்லை, திரும்பி நின்று பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

அவர் கற்றுத்தரும் விதம் ஒரு தினுசு. ஜிம் கிடையாது, அதனால் விடியற்காலையில் மலைப்படி. வருடத்துக்கு 365 நாள் என்று 365 படி. டிசம்பர் 31 ராத்திரி படித்திருவிழாவுக்கு ஊரே பாடிக்கொண்டு ஏறும் அதே படிகளில் நாங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுவோம். பாதியில் உட்கார்ந்தால் இறங்கிவரும் பாட்டிகள் 'அரோகரா' போட்டு எழுப்பிவிடுவார்கள். அணியில் பாதிப்பேர் நகரி, புத்தூர் பக்கத்துப் பையன்கள். பந்து கேட்பதே "இக்கட வெய்ரா"தான். வெளியூர் மேட்ச்சில் எதிரணிக்கு ஒன்றும் புரியாது. எங்களுக்கு இருந்த ஒரே ஸ்ட்ராட்டஜி அதுதான்.

நண்பன் கேட்ட கணக்குக்கு வருகிறேன். பாலன்ஸ் ஷீட்டில் குட்வில் என்று ஒரு சொத்து உண்டு, படித்திருப்பீர்கள். கையில் தொட முடியாது, ஆனால் கடையை விற்கும்போது அதற்குத்தான் விலை. அந்த 18 பேருக்காக நெய்ஸ்மித் டைப் அடிக்கவைத்து ஒட்டிய 13 விதிகளின் காகிதம் 2010-இல் ஏலத்துக்கு வந்தது. விலை 43 லட்சம் டாலர். 1-0 ஆட்டத்தின் காகிதம்! இதை நண்பனிடம் சொன்னேன். "அப்போ உங்க டீம் காகிதத்தை நூறு வருஷம் கழிச்சு வித்துக்கோ" என்றான். பாவி. ஆனாலும் பட்டியலில் தன் தம்பி பெயரை எழுதிவிட்டுத்தான் போனான். தம்பி முதல் வருடம், ஐந்தடி பத்து அங்குலம்.

அவனையும் சேர்த்து இப்போது எட்டுப் பேர். வெள்ளிக்கிழமைக்குள் இன்னும் இரண்டு பேர் வேண்டும். நேற்று ஃபர்ஸ்ட் இயர் பையன் ஒருவன் கேன்டீனில் வந்து, "அண்ணா, ஷூ கண்டிப்பா வேணுமா?" என்று கேட்டான். கோர்ட்டுக்கு என் பழைய ஷூவைத் தருகிறேன், மலைப்படிக்கு வெறுங்கால்தான் என்றேன். நாளைக்குக் காலை ஐந்தரைக்கு அடிவாரத்துக்கு வருகிறானா பார்க்க வேண்டும்.