கடாரத்து ஆற்றில் ஒரு நாள்

நெகிரி செம்பிலான் தோட்டப் பள்ளிகளில் பயிலும் பிள்ளைகளுக்குக் கடாரம் என்பது ஒரு பட்டப்பெயரின் முற்பகுதி. 1025இல் இராசேந்திர சோழன் கடற்படை செலுத்தினான், கடாரங்கொண்டான் ஆனான், பாடம் முடிந்தது. அக்கடாரம் நம் கெடா மாநிலமே என்று சொல்லும்போதுதான் சில கண்கள் விரியும். அக்கண்களுக்காகவே பகாவ் வட்டாரத்து மாணவர் சிலரை மெர்போக் ஆற்றுக்கு அழைத்துச் சென்றேன்.

படகு கண்டற்காட்டினூடே மெல்லச் சென்றது. சேறும் உப்பும் கலந்த மணம், வேர்களின்மேல் நண்டுகள். வடக்கே முகில் சூடிய ஜெராய் மலை. பண்டைய மாலுமிகளுக்குக் கரையை முதலில் அறிவித்தது அதுவே. வந்த கலங்கள் பருவக்காற்று மாறும்வரை காத்திருந்தன. காத்திருப்போர்க்கு வழிபாட்டிடம் வேண்டுமன்றோ? சிவனுக்கும் புத்தருக்கும் இங்கே கோயில்கள் எழுந்தன. தெற்கே செபராங் பிறையில் 1834இல் ஜேம்சு லோ கண்டெடுத்த கல்லில் ஒரு தூபியும், புத்தகுப்தன் என்னும் மாலுமியின் பெயரும் உள்ளன. ஏறத்தாழ ஐந்தாம் நூற்றாண்டினனான அவன் வேண்டியது பயணம் இனிது முடிவதையே. (இன்றும் பேருந்து ஏறுமுன் பிள்ளையாரிடம் நாம் வேண்டுவதும் அதுதான்!)

கரையேறி, மலையைச் சுற்றிக்கொண்டு புக்கிட் சோராசை அடைந்தோம். ஆயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட பௌத்தக் கோயிலின் செம்புரைக்கல் அடித்தளம் அங்கே கிடக்கிறது. 2023இல் நடந்த அகழாய்வில் ஏறத்தாழ ஆளளவான சுதைப் புத்தர் உருவங்கள் வெளிப்பட்ட இடம்.

“ஐயா, நாம இங்க சண்டைக்கு மட்டுந்தான் வந்தோமா?” என்றான் ஒரு மாணவன்.

பட்டப்பெயர் சொல்லாத செய்தியை அங்கேயே சொன்னேன். கடாரத்து அரசன் மாறவிசயோத்துங்கவர்மன் தன் தந்தை பெயரால் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எடுத்தான். சைவனாகிய இராசராசன் 1006ஆம் ஆண்டளவில் அதற்கு ஆனைமங்கலத்தைக் கொடையளித்தான். அக்கொடையைச் செப்பேட்டில் பொறிக்கச் செய்தவன், பின்னாளில் படை செலுத்திய அதே இராசேந்திரன்! போருக்குப் பின்னும் உறவு அறவில்லை. 1090இல் கடாரத்தரசன் வேண்ட, முதற் குலோத்துங்கன் விகாரத்தின் உரிமைகளை உறுதிசெய்தான். நம் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிவந்த கப்பல்கள் பலவும் அந்த நாகையிலிருந்தே புறப்பட்டன.

“எங்க தாத்தாவோட அப்பா அங்கதான் கப்பல் ஏறினாராம்” என்றான் அவன். பிறகு, “அந்தக் கோயில் இப்ப இருக்குதா ஐயா?”

எஞ்சிய கோபுரத்தையும் 1867இல் இடித்துவிட்டனர் என்றேன். மண்ணில் கிடைத்த செப்புப் படிமங்கள் பல சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளன. அவன் குனிந்து, அடித்தளத்துக் கல்லொன்றைத் தொட்டுப் பார்த்தான்.