இரண்டு வரிக்கு ஒரு மாதம்

இராமேசுவரம் அக்னி தீர்த்தத்தில் குளிக்க வருகிறவர்கள் பலர் உடுத்திய துணியைக் கடலிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். பாவம் போய்விடும் என்பது நம்பிக்கை. துணி போகாது. அலை அதைத் திருப்பிக் கொண்டுவந்து கரையில் போடும். அதை அள்ளுகிறவர்கள் யார், எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று இதைப் படிக்கிற தோழர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எங்கள் மாலை வகுப்புக்கு வரும் ஒரு மாணவியின் பாட்டி அந்த வேலையில்தான் இருபது வருசத்துக்கு மேல் இருந்தார்.

தூர்தர்ஷனில் இராமாயணத் தொடர் ஓடிய காலத்தைப் பற்றி ஒருநாள் அவர் சொன்னார்: "ஞாயித்துக்கெழம காலையில வடக்கத்தி ஆளுகல்லாம் சத்திரத்து டிவி முன்னால போயி உக்காந்துக்குவாக. கரையில ஆளே இருக்காது. அன்னைக்குத்தான் நாங்க நிம்மதியா கூட்டுவோம்."

பேத்தி கைபேசியில் தமிழ் விக்கிப்பீடியாவைத் திறந்தாள். நாங்களும் எட்டிப் பார்த்தோம். இராமானந்த் சாகர் எடுத்தது, 1987 சனவரி 25 முதல் 1988 சூலை 31 வரை 78 பகுதிகள், யார் யார் நடித்தார்கள் என்று தேடினால் கிடைக்கிற விவரங்களுக்குப் பஞ்சமில்லை. சீதையாக நடித்தவரும் இராவணனாக நடித்தவரும் 1991இல் ஒரே கட்சியின் எம்.பி. ஆனதுகூடக் கிடைக்கும். கூட்டுகிறவர்கள் மட்டும் எங்கள் கண்ணில் படவில்லை.

ஆனால் அந்தத் தொடரின் கதையில் அவர்களுக்குப் பெரிய இடம் உண்டு. தொடர் பட்டாபிஷேகத்தோடு முடியப் போகிறது என்று தெரிந்ததும் 1988இல் ஜலந்தரில் தூய்மைப் பணியாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வால்மீகி சமூகத்தவர்கள். வால்மீகியின் ஆசிரமத்தில் சீதை பிள்ளை பெற்று வளர்க்கிற உத்தர காண்டத்தையும் காட்டு என்பது கோரிக்கை. வட இந்தியாவின் வேறு நகரங்களுக்கும் அது பரவியது. குப்பை மலையாய்க் குவிந்தது, அரசு இறங்கி வந்தது. 1988 அக்டோபரில் லவ குசன் கதை ஒளிபரப்பாகத் தொடங்கியது. துடைப்பத்தைக் கீழே வைத்தே ஒரு தொடரை நீட்டிக்க வைத்திருக்கிறார்கள்!

எங்களில் ஒரு தோழர் இதை ஏதோ கூட்டத்தில் கேட்டிருந்தார். அன்றிரவே உட்கார்ந்து நாலு பத்தி எழுதிச் சேர்த்தோம். பார்ப்பனியம், பொதுப்புத்தி, இருட்டடிப்பு என்று எல்லாச் சொல்லும் அதில் இருந்தது, ஐந்து ஆச்சரியக்குறியும் இருந்தது. சான்று ஒன்றுகூட இல்லை. மறுநாள் காலை யாரோ ஒரு பயனர் அதை நீக்கியிருந்தார்.

கோபம் வந்தது. உரையாடல் பக்கத்தில் சண்டை போடலாம் என்றார்கள் சிலர். நல்லவேளை, நீக்கியவர் எழுதியிருந்த காரணத்தை ஒருத்தி சத்தமாகப் படித்தாள்: சான்று இல்லை, நடுநிலை இல்லை. இரண்டுமே உண்மை. மேடைப் பேச்சை அப்படியே இறக்கி வைத்திருந்தோம். அதை நீக்கியவரின் சாதி என்ன என்று யோசிக்கத் தொடங்கியிருந்தோம் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

சான்று தேடினோம். பவுலா ரிச்மன் தொகுத்து 1991இல் கலிபோர்னியா பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட 'மெனி ராமாயணாஸ்' நூலின் முன்னுரை இந்த வேலைநிறுத்தத்தைப் பேசுகிறது. 2011இல் டெல்லிப் பல்கலைக்கழகம் பாடத்திலிருந்து தூக்கிய ஏ.கே. இராமானுஜனின் முந்நூறு இராமாயணங்கள் கட்டுரை இருப்பதும் இதே நூலில்தான். அகராதியை வைத்துக்கொண்டு அந்தப் பக்கங்களைப் படித்து முடிக்கவே இரண்டு வாரம் ஆனது.

பிறகுதான் உண்மையான சண்டை வந்தது, எங்களுக்குள்ளேயே. "இராமாயணத்தை இன்னும் காட்டு என்று கேட்டதை நாம் எதற்குக் கொண்டாட வேண்டும்? சம்பூகன் தலை உருள்வதும் அதே உத்தர காண்டத்தில்தானே?" என்றார் ஒரு தோழர். இந்தத் தொடர் தொடங்கிய அதே 1987இல்தான் அம்பேத்கரின் இராமன், கிருஷ்ணன் பற்றிய புதிர்கள் அடங்கிய தொகுதியை மகாராட்டிர அரசு வெளியிட்டது. அதை எதிர்த்துச் சிவசேனை தெருவுக்கு வந்தது, பம்பாயில் நம் மக்கள் பதிலுக்குத் திரண்டார்கள். அதையல்லவா எழுத வேண்டும் என்பது அவர் வாதம். வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் ஜலந்தரில் வேலையை நிறுத்தியவர்கள் பக்திக்காக மட்டும் நிறுத்தவில்லை என்பது எங்களில் பலருடைய எண்ணம். கதையை எழுதியவன் எங்கள் ஆள், அவனைக் காட்டாமல் கதையை முடிக்காதே என்றார்கள். நமக்கு உவப்பில்லாத வடிவத்தில் வந்தாலும் அதுவும் ஒரு உரிமைக் குரல்தான். இதில் நாங்கள் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. கலைக்களஞ்சியத்தில் இரண்டு கருத்துக்கும் இடமில்லை என்பதால் சண்டை அங்கேயே நின்றது.

சொற்களுக்கும் நேரம் ஆனது. துப்புரவுத் தொழிலாளரா, தூய்மைப் பணியாளரா? அரசு மாற்றிய பெயர் வேலையை மாற்றவில்லை என்றாலும் பாட்டிக்கு இரண்டாவதே பிடித்திருந்தது. சமூகத்தின் பெயரை, மற்றவர்கள் வைத்ததை விட்டு, அவர்கள் தமக்கு வைத்துக்கொண்டதாக எழுதினோம். 'அப்பாவி', 'வீரமிக்க' எல்லாம் போயின. கடைசியில் மிஞ்சியது இரண்டு வரியும் ஒரு சான்றும். நாங்கள் பார்த்தவரை அது நிற்கிறது.

அந்த வேலையில் கண் பழகிவிட்டது. 2020 ஊரடங்கில் மறுஒளிபரப்பானபோது ஏப்ரல் 16 அன்று 7.7 கோடிப் பேர் பார்த்தார்கள், உலகிலேயே அதிகம் என்று தூர்தர்ஷன் அறிவித்தது. 1983இல் அமெரிக்காவில் 'மாஷ்' தொடரின் கடைசிப் பகுதியை 10 கோடிக்கு மேல் பார்த்ததைக் காட்டிப் பத்திரிகைகள் அதைக் கேள்வி கேட்டன. ஆகவே 'உலக சாதனை படைத்தது' என்று எங்கே பார்த்தாலும் அதை 'என்று தூர்தர்ஷன் அறிவித்தது' என்று ஆக்க வேண்டும். ஒரு சின்ன 'என்று' போதும்.

தொலைக்காட்சித் தொடரில் எதற்கு இவ்வளவு நேரம் என்று கேட்கிறீர்களா? நாங்கள் இராமநாதபுரத்துக்காரர்கள். 1957 செப்டம்பர் 11 பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டதைப் பற்றியும், 2011இல் அதே நாளில் அதே ஊரில் போலீஸ் சுட்டதைப் பற்றியும் எழுதப் போகும்போது இதே கேள்விதான் வரும்: சான்று எங்கே? நம் பெரியவர்கள் நேரில் பார்த்ததைச் சொன்னாலும் அங்கே அது செல்லாது, அச்சில் வந்திருக்க வேண்டும். அதனால் இப்போது மாலை வகுப்பில் சனிக்கிழமைதோறும் ஒரு வேலை வைத்திருக்கிறோம். ஆளுக்கு ஒரு நோட்டு. வீட்டிலுள்ள மூத்தவர்கள் சொல்வதைத் தேதியோடு எழுதிச் சிற்றிதழ்களுக்கு அனுப்புவது. முதல் நோட்டு அந்தப் பாட்டியுடையது.

அந்த இரண்டு வரியை அவருக்குப் படித்துக் காட்டினோம். கண்ணை மூடிக் கேட்டார். "படத்தக் காட்டுனாங்களா இல்லையா?" என்றார். காட்டினார்கள் பாட்டி என்றோம்.

"வேலைய நிறுத்துன நாளைக்குச் சம்பளம்?"

பேத்தி முன்னுரையை எடுத்து மறுபடி ஒருமுறை படித்துப் பார்த்தாள். அதில் அது இல்லை.