முதற்குரல்

சிவகாசியை அடுத்த நாரணாபுரம் போன்ற ஊர்களில் பலருக்குப் பொழுது பட்டாசு ஆலையிலும் தீப்பெட்டி ஆலையிலும் கழிகிறது. சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் ஆலைகளுக்கு விடுமுறை. கிராமசபை கூடும் நாள்களுள் அந்நாள்களும் அடங்கும். வாரமெல்லாம் ஆலையில் உழைத்த பெண்ணுக்குத் துணி துவைக்கவும் நீர் சேர்த்து வைக்கவும் கிடைப்பதும் அதே நாள்தான். அதனை விடுத்து அவர் சபைக்கு வருவதே ஓர் ஈகம்.

வந்தவர் பேசுகிறாரா?

பத்தாம் நூற்றாண்டின் உத்திரமேரூர்க் கல்வெட்டு, குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்படுவதற்கு நிலமும் கல்வியும் தகுதிகள் எனக் கூறுகிறது. 1992ஆம் ஆண்டின் 73ஆவது அரசியலமைப்புத் திருத்தமோ, ஊரின் வாக்காளர் பட்டியலில் உள்ள அனைவரையும் கிராமசபை உறுப்பினராக்கியது. சட்டம் கதவைத் திறந்துவிட்டது. மனம் வாயிலிலேயே தயங்கி நிற்கிறது.

தெருக்குழாயில் நீர் வராத குறையைச் சொல்ல வந்த பெண் ஒருவர் பின்வரிசையில் அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். சுற்றிலும் பார்க்கிறார், எவரும் பேசவில்லை. 'மற்றவர்களுக்குக் குறையில்லை போலும்' என்று எண்ணி அவரும் பேசாதிருக்கிறார். அவருடைய அமைதியைக் கண்டு அருகிலிருப்பவரும் அவ்வாறே எண்ணுகிறார். ஒரே குறையுடைய நூறு பேர், குறை தமக்கு மட்டுமே என்று கருதிக் கலைகின்றனர். சமூக உளவியலார் இதனைப் 'பன்மை அறியாமை' என்பர். 'வேறெவரேனும் கேட்பார்' என்னும் எண்ணமும், வேலை தருபவர் முன்னிலையில் பேசும் அச்சமும் இதனோடு சேர்கின்றன. அமைதி உடன்பாடாகப் பதிவாகிறது, தீர்மானம் நிறைவேறுகிறது.

இவ்வமைதியைக் கலைக்கும் வழியை, 1996இல் தொடங்கிய கேரளத்தின் மக்கள் திட்டம் காட்டியது. அங்குக் கிராமசபையினர் பொருள்வாரியாகச் சிறு குழுக்களாகப் பிரிந்து அமர்ந்து பேசினர். பெருங்கூட்டத்தில் எழாத குரல் சிறு வட்டத்தில் எழும். மகளிர் சுயஉதவிக் குழுவில் முன்னரே பேசிக்கொண்டு வரும் பெண்கள் சபையில் தயங்காமைக்கும் இதுவே காரணம்.

எழுந்த குரல் நிலைக்க, மறுமொழி வேண்டும். சென்ற கூட்டத்தின் தீர்மானம் என்னவாயிற்று என்பதை அடுத்த கூட்டத்தில் அறிவித்தால், 'நம் சொல்லுக்குப் பயன் உண்டு' என்னும் நம்பிக்கை பிறக்கும். அறிவிக்காவிடில், வருகைப் பதிவேட்டில் கையொப்பம் மட்டுமே எஞ்சும்.

பதினோராம் வகுப்பு மாணவரின் பெயர் இன்னும் ஓரிரு ஆண்டுகளில் வாக்காளர் பட்டியலில் இடம்பெறும். அன்று ஊர்ச்சபையில், "எங்கள் தெருவிலும் நீர் வரவில்லை" என்று அவர் எழுந்து சொன்னால் போதும். பின்வரிசையிலிருந்து நூறு தலைகள் ஆமெனத் தலையசைக்கும்.