திண்ணையில் தங்கும் கோப்புகள்

நம் மன்றத்தின் இணையப் பக்கத்தைப் பேணும் பொறுப்பு சென்ற ஆகஸ்டு முதல் என்னிடம் இருக்கிறது. முதுகலை இயற்பியல் படிப்பவனுக்கு இது எதற்கு என்று விடுதி நண்பர்கள் கேலி செய்கின்றனர். திருநெல்வேலியை விட்டு டில்லிக்கு வந்து ஓராண்டு கடந்தும் இந்தி நாவில் வராத எனக்கு, வாய் திறந்து பேச இம்மன்றம் ஒன்றே இடம். அதற்கு இந்தச் சிறு தொண்டாவது செய்ய வேண்டாமா?

நண்பர்களே! நீங்கள் ஒரு கட்டுரையையோ நிழற்படத்தையோ பதிவேற்றும்போது அஃது நேரே மலர் ஆசிரியரின் கைக்குச் சென்றுவிடுவதில்லை. முதலில் சர்வரில் ஒரு தற்காலிக இடத்தில் இறங்குகிறது. நம் ஊர் வீடுகளில் திண்ணை இருந்ததன்றோ? வழிப்போக்கர் அங்கே அமரலாம். உள்ளே அழைப்பதா, நீர் கொடுத்து அனுப்பிவிடுவதா என்பது வீட்டுக்காரர் பொறுப்பு. லினக்ஸ் கணினியில் அந்தத் திண்ணைக்கு ‘டெம்ப்’ என்று பெயர். யாரும் அங்கே பொருளை வைக்கலாம். ஆனால் ஒருவர் வைத்ததை மற்றொரு பயனர் அகற்ற முடியாது. பல அமைப்புகளில் 10 நாள் தொடப்படாதவை தாமாகவே துடைக்கப்படும்.

பி.எச்.பி. மொழி இதில் மிகவும் கண்டிப்பானது. நிரல் கோப்பை எடுத்து உள்ளே வைக்காவிடில், அந்த ஒரு வேண்டுகோள் முடிந்தவுடன் அதை அழித்துவிடும். நம் பக்கம் அமைந்திருப்பது டிஜாங்கோவில். அது 2.5 மெகாபைட்டுக்கு உட்பட்டவற்றை நினைவகத்திலேயே தாங்கிக்கொண்டு, பெரியவற்றை மட்டும் தற்காலிகக் கோப்பாக எழுதும். இதுவரை தொல்லை இல்லை. ‘முன்னோட்டம் பார்த்து உறுதி செய்க’ என்னும் வசதியைச் சேர்த்ததும் தொல்லை பிறக்கிறது. பதிவேற்றுவது ஒரு வேண்டுகோள், உறுதி செய்வது மற்றொன்று. இரண்டுக்கும் இடையே கோப்பு உயிரோடு இருக்க வேண்டுமாதலால் நிரலர் தாமே ‘நிலுவை’ என்று ஓர் அடைவு வைக்கிறார். இடையில் மாணவர் பக்கத்தை மூடிவிட்டால்? விடுதியில் வைஃபை அறுந்துவிட்டால்? அந்தக் கோப்பைக் கேட்பாரும் இல்லை, அழிப்பாரும் இல்லை.

நம் நிலுவை அடைவில் மூன்றாண்டுக் கோப்புகள் கிடந்தன. மலருக்கு வந்த கவிதைகள் மட்டும் என்றால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். புதிய மாணவர்க்கு மன்றம் அளிக்கும் உதவித்தொகை விண்ணப்பமும் இதே பக்கத்தில்தான் இருக்கிறது. ஆதார் நகல், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பாங்கு பாஸ்புக்கின் முதற்பக்கம் — சில மும்முறை, நான்முறை.

கோப்புகளின் பெயர்களும் விந்தையாக இருந்தன. டிஜாங்கோ பாதுகாப்புக்காகப் பெயரைத் துப்புரவு செய்கிறது. எழுத்து, எண் அல்லாத குறிகளை நீக்குகிறது. பைதான் மொழியின் கணக்கிலோ நம் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் எழுத்தில் சேரா. ஆகவே ‘கவிதை’ என்பது ‘கவத’ ஆகிறது. ‘கட்டுரை’ ‘கடடர’ ஆகிறது. ஓலைச்சுவடிகளில் புள்ளி இடாமல் எழுதினார்கள் என்று படித்திருக்கிறோம். இங்கே புள்ளியோடு காலும் கொம்பும் சுழியும் போய்விட்டன! தமிழ் மன்றத்தின் பக்கத்திலேயே தமிழுக்கு இக்கதி. சுவடி படிப்பவர் போல் அவற்றை ஒவ்வொன்றாகப் படித்து வந்தேன். ஓரிடத்தில் ‘அபப_இறபபச_சனற’ என்று இருந்தது. அப்பா இறப்புச் சான்று.

அதை நான் திறக்கவில்லை. அந்த மாணவர் உதவி பெற்றாரா என்று அறியத் திறந்தாக வேண்டும்; திறக்க எனக்கு என்ன உரிமை?

செயற்குழுவில் இதைச் சொன்னேன். “இருந்துவிட்டுப் போகட்டுமே, இடத்தையா அடைக்கிறது?” என்றார் ஒருவர். இடம் பற்றியதன்று இது. அடுத்த ஆண்டு இந்தக் கடவுச்சொல் வேறொருவர் கைக்குப் போகும். அதற்கடுத்த ஆண்டு இன்னொருவருக்கு. நோக்கம் நிறைவேறியபின் தனிநபர் தரவை அழிக்க வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் கூறுகிறது. “உடனே அழித்துவிட்டால், பாதியில் விட்டவர் வந்து கேட்டால் என்ன சொல்வாய்?” என்று செயலாளர் அக்கா கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது. பதினைந்து நாள் அறிவிப்பு ஒட்டினோம். நால்வர் வந்து விண்ணப்பத்தை நிறைவு செய்தனர். எஞ்சியவை அழிக்கப்பெற்றன.

இப்போது மணிக்கொரு முறை ஒரு சிறு நிரல் ஓடுகிறது. 24 மணி நேரம் கடந்தும் உறுதி செய்யப்படாதவற்றை நீக்குகிறது. உறுதி செய்தவை பெயர்மாற்றம் மூலம் உள் அடைவுக்குச் செல்கின்றன. இரண்டு அடைவுகளும் ஒரே வட்டில் இருப்பதால் அம்மாற்றம் ஒரே நொடியில் முழுதாக நிகழும். வேறு வட்டானால் நகலெடுக்க நேரும், நடுவில் மின்சாரம் போனால் அரைக்கோப்பு நிற்கும். சர்வரில் ஒவ்வொரு கோப்புக்கும் பொருளற்ற ஒரு பெயர். நீங்கள் இட்ட பெயர் தரவுத்தளத்தில் தனியே இருக்கும்.

விண்ணப்பத்தைப் பாதியில் விட்டவர்கள் மறுநாள் மீண்டும் தொடங்க வேண்டிவரும். தொல்லைதான், பொறுத்துக்கொள்ளுங்கள். மலருக்கு எழுதுவோர் தமிழிலேயே பெயரிட்டு அனுப்பலாம். புள்ளி போகாது.