அண்ணன் விட்டுச்சென்ற மோட்டார் சைக்கிள்



மத்ரஸா ஆசிரியர் ஒருவர் மோட்டார் சைக்கிளின் ஷாக் அப்சார்பரைப் பற்றி எழுத வந்திருப்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். எனக்கு வண்டி ஓட்டவும் தெரியாது. ஆயினும் எட்டு ஆண்டுகளாக ஒரு பெரிய வண்டி என் பொறுப்பில் இருந்தது. அது ஒரு யதீமின் சொத்து.

என் அண்ணன் கனடாவில், டொரோன்டோவுக்கு வெளியே குடியேறியவர். நெடும்பயணத்திற்கென்றே செய்யப்பட்ட பழைய வண்டி ஒன்றை வாங்கிச் செப்பனிட்டு வைத்திருந்தார். அவர் வஃபாத்தானபோது அவருடைய ஒரே மகனுக்குப் பதினொரு வயது. மகனையும் அவனுடைய சொத்தையும் கவனிக்கும் பொறுப்பை எனக்கு வஸிய்யத் செய்திருந்தார். வாரிசுரிமைப்படி அவருடைய சொத்தை இருபத்து நான்கு பங்காக்கினால், தாயாருக்கு நான்கு, மனைவிக்கு மூன்று, எஞ்சிய பதினேழும் மகனுக்கு. ஊரிலிருக்கும் எங்கள் அம்மாவும் மதினியும் வண்டியில் தங்களுக்குரிய பங்கை மனமுவந்து அவனுக்கே விட்டுக்கொடுத்தார்கள். ஆகவே வண்டி முழுவதும் அவனுடையதாயிற்று. சாவி மட்டும் என் மேசை அறையில் இருந்தது.

இவ்வகை வண்டிகளைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். எரிபொருள் இன்றியே 300 கிலோவுக்கு மேல் எடை கொண்டவை இவை. இன்று ஒருவர் தனியாகச் செல்வார். நாளை மனைவியையும் மூன்று பெட்டிகளையும் ஏற்றிச் செல்வார். இரண்டுக்கும் ஒரே விறைப்புள்ள சுருள்வில் போதாது. எனவே முன் ஃபோர்க்கிலும் பின் ஷாக்கிலும் சுருள்வில்லுக்குத் துணையாகக் காற்றை அடைத்தார்கள். சுமை கூடினால் காற்றையும் கூட்ட வேண்டும். 1980களில் இந்த வேலையையும் இயந்திரமே செய்யும்படி அமைத்தார்கள். 1983இல் வந்த யமஹா வெஞ்சர் ராயல், 1986இல் வந்த சுசுகி கேவல்கேட் முதலிய வண்டிகளில் இத்தகைய ஏற்பாடு இருந்தது. வண்டிக்குள்ளேயே ஒரு சிறு கம்ப்ரஸர், மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வுகள், அழுத்தத்தை அறியும் உணரி, இவற்றை ஆளும் கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகியவை அதன் உறுப்புகள். ஓட்டுபவர் பொத்தானை அழுத்தினால் போதும்.

அண்ணனின் வண்டியும் அந்தத் தலைமுறையைச் சேர்ந்ததே. அதன் பெயரை நான் சொல்லப் போவதில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்த ரப்பர் வளையம் இற்றுப்போனதற்கு, அதைச் செய்தவர்களைக் குறை கூறுவது நீதியன்று.

சென்ற ஆண்டு கோடையில், பத்தொன்பது வயது நிரம்பி உரிமமும் பெற்றுவிட்ட என் அண்ணன் மகன் வண்டியைக் கேட்டான். புது டயர்கள் மாட்டினோம். பிரேக் எண்ணெயை மாற்றினோம். முதல் நீண்ட பயணத்தில் அவனுக்குப் பின்னால் நானே அமர்ந்தேன். அவனைக் கண்காணிக்கத்தான் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். ஓவன் சவுண்ட் நகரைக் கடந்து, 6ஆம் எண் நெடுஞ்சாலையில் டோபர்மோரி நோக்கிச் சென்றோம். வையர்ட்டனைத் தாண்டிய பின் சாலையில் ஒரு மேடு வந்தது. வண்டியின் பின்பகுதி இரும்போடு இரும்பு மோதும் ஓசையுடன் அடித்தது. அடுத்த வளைவில் வண்டி பாம்புபோல் நெளிந்தது. என் நாவில் கலிமா வந்துவிட்டது. அவன் பதறாமல் வேகத்தைக் குறைத்து, சாலையோரச் சரளையில் நிறுத்தினான். அல்ஹம்துலில்லாஹ், இருவருக்கும் காயமில்லை.

இறங்கிப் பார்த்தபோது பின்பகுதி வெகுவாகத் தாழ்ந்திருந்தது. பலகையோ அதிக அழுத்தம் என்றே காட்டிக்கொண்டிருந்தது.

"சாச்சா, மீட்டர்ல சரின்னுதானே காட்டுது?" என்றான் அவன்.

பெட்டிகளிலிருந்த சாமான்களைக் குறைத்து, நான் பேருந்தில் ஏற, அவன் தனியே மெதுவாக ஓட்டி வீடு சேர்ந்தான். எங்கள் பள்ளிவாசலுக்கு வரும் ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்தார். பின்பக்க வால்வின் ரப்பர் வளையம் இற்றுக் காற்று கசிந்திருந்தது. இழப்பை ஈடுசெய்ய ஓடி ஓடிக் கம்ப்ரஸர் சூடேறி நின்றுபோயிருந்தது. பலகை காட்டியது நாங்கள் தெரிவுசெய்த அளவை. ஷாக்கினுள் உண்மையில் இருந்த அளவையன்று.

அவர் இரண்டு வழிகளைக் கூறினார். பழைய வண்டிகளிலிருந்து கழற்றிய பாகங்களைத் தேடிப்பிடித்து மாட்டலாம். ஆனால் அவையும் அதே வயதுடையவை. அல்லது தானியங்கி ஏற்பாட்டை விலக்கிவிட்டு, டயரில் இருப்பது போன்ற ஷ்ரேடர் வால்வைப் பொருத்தி, கைப்பம்பால் காற்றடித்துக்கொள்ளலாம். நான் தயங்கினேன். யதீமின் பொருளை மாற்றியமைக்க எனக்கு என்ன உரிமை, அதன் மதிப்பு குறைந்தால் மறுமையில் என்ன பதில் சொல்வேன் என்றெல்லாம் அவரிடம் விரிவாகப் பேசினேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஹஸ்ரத், வண்டி யாருடையது?" என்றார்.

"இவனுடையது."

"இவரைக் கேட்டீர்களா?"

பத்தொன்பது வயது இளைஞன் எங்கள் இருவருக்கும் நடுவில்தான் நின்றுகொண்டிருந்தான். நான் அவனைக் கேட்கவில்லை. எட்டு ஆண்டுகளாக எதையும் கேட்டதில்லை. கல்லூரிக் கட்டணம், வங்கிக் கணக்கு, காப்பீடு அனைத்தையும் நானே செலுத்தி, நானே கணக்கெழுதி, நானே முடிவு செய்தேன். சுமையின் அழுத்தம் அவனுக்குத் தெரியாதபடி நானே சமன்செய்துகொண்டிருந்தேன். அதை அமானத்தைப் பேணுதல் என்று எண்ணியிருந்தேன்.

ஸூரா அந்நிஸாவின் ஆறாம் வசனத்தை எத்தனையோ முறை மாணவர்களுக்கு நடத்தியிருக்கிறேன். அநாதைகள் பருவமடையும்வரை அவர்களைச் சோதித்து வர வேண்டும், பகுத்தறிவு முதிர்ந்ததைக் கண்டால் சொத்தைத் தாமதமின்றி ஒப்படைக்க வேண்டும், ஒப்படைக்கும்போது சாட்சிகளை வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் கருத்து. செலவழிக்கவும் பேணவும் சிறிது சிறிதாக வாய்ப்பளித்துப் பார்ப்பதே சோதித்தல். வாய்ப்பே அளிக்காதவன் எதைக் கண்டறிவான்? அவன் பாலிகாகி ஆண்டுகள் பல கடந்தும் சாவி என் மேசை அறையிலேயே இருந்தது.

அன்று அவனிடம் கேட்டேன். சிறிது யோசித்துவிட்டு, "கைப்பம்பே போதும் சாச்சா. ஆனா அத்தா வண்டியில எதையும் வெட்ட வேணாம். கழட்டுறதை எல்லாம் பத்திரமா எடுத்து வைப்போம்" என்றான். என் அச்சத்திற்கான விடை அதில் இருந்தது. வேண்டும்போது மீண்டும் பழையபடி மாட்டிவிடலாம்.

ஒரு சனிக்கிழமை லுஹருக்குப் பின் வேலை தொடங்கியது. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, குழாய்களில் எஞ்சியிருந்த காற்றை முழுவதுமாக வெளியேற்றிய பிறகே இணைப்புகளைக் கழற்றினார்கள். அழுத்தம் இருக்கும்போது கழற்றுவது ஆபத்து. கம்ப்ரஸரின் மின்னிணைப்பைத் துண்டித்தார்கள். முன் ஃபோர்க்கின் இரு கால்களிலிருந்தும் வரும் குழாய்களை ஒன்றாக இணைத்து ஒரே வால்வில் சேர்த்தார்கள். இரு கால்களிலும் அழுத்தம் சமமாக இருக்க அதுவே வழி. பின் ஷாக்கிற்குத் தனி வால்வு, இருக்கைக்கு அடியில். பிறகு காற்றடித்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்தார்கள். இரவு முழுவதும் விட்டு, மறுநாள் சுபுஹுக்குப் பின் மீண்டும் அளந்தார்கள். கழற்றிய பாகங்கள் பெயரெழுதிய ஒரு பெட்டிக்குள் சென்றன.

கைப்பம்பிலும் கவனம் வேண்டும் என்றார் மெக்கானிக். ஃபோர்க்கினுள் காற்றுக்கு இடம் மிகச் சிறிது. பெட்ரோல் நிலையக் கம்ப்ரஸரை வைத்தால் ஒரு நொடியில் அழுத்தம் எல்லை மீறி எண்ணெய் சீல் கிழிந்துவிடும். சாதாரண டயர் மானியை வைத்து எடுத்தாலே அளவு இறங்கிவிடும். ஆகவே ஷாக்கிற்கென்றே உள்ள சிறு பம்பு தேவை. கையேடு கூறும் உச்ச அளவைத் தாண்டலாகாது. குளிரிலும் அழுத்தம் இறங்கும். 40 பிஎஸ்ஐ இருக்கும் ஷாக் பத்து டிகிரி குளிர்ந்தால் சுமார் 2 பிஎஸ்ஐ குறையும். பின்பகுதி தாழ்ந்தால் முன்விளக்கு மேல்நோக்கி எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். ஆகவே இது ஓட்டுபவரின் வசதி மட்டுமன்று, பிறருக்குரிய ஹக்கும் ஆகும்.

அவன் ஒரு சிறு குறிப்பேடு வாங்கினான். தனியாக, பின்னால் ஒருவருடன், பெட்டிகளுடன் என மூன்று பத்திகள் வரைந்து, ஒவ்வொரு பயணத்திற்கும் அளவை எழுதத் தொடங்கினான்.

இலையுதிர்காலத் தொடக்கத்தில் மீண்டும் டோபர்மோரிக்குப் புறப்பட்டோம். விடியற்காலையில் கைவிளக்குடன் குனிந்து பின் ஷாக்கை அளந்தான். "இன்னும் கொஞ்சம் அடி" என்றேன் நான், பழக்கத்தால்.

"வேணாம் சாச்சா. இன்னிக்கு நீங்க மட்டும்தான், பெட்டியெல்லாம் காலி. இதுக்கு மேல அடிச்சா பள்ளத்துல தூக்கிப் போடும்."

குறிப்பேட்டைக் காட்டினான். அவன் சொன்னதே சரி. அதே மேட்டை அன்று கடந்தபோது, அந்த இடம் வந்ததே எனக்குத் தெரியவில்லை.

திரும்பி வந்த வாரம் மதினியையும், பள்ளிவாசலில் இருந்து இருவரையும் அழைத்தேன். வண்டியின் ஆவணங்கள், வங்கிக் கணக்கு, எட்டு ஆண்டு வரவு செலவு எழுதிய ஏடு, சாவி ஆகிய அனைத்தையும் அவர்கள் முன்னிலையில் அவனிடம் ஒப்படைத்தேன். ஏட்டின் கடைசிப் பக்கத்தில் சாட்சிகள் கையெழுத்திட்டார்கள். மதினி எதுவும் பேசவில்லை. உள்ளே சென்று தேநீர் கொண்டுவந்தார்.

யதீம்களைப் பொறுப்பேற்றிருக்கும் சகோதரர்களே, பேணுவதைப் போலவே ஒப்படைப்பதும் அமானத்தின் பகுதியே. உங்கள் மேசை அறையில் யாருடைய சாவியாவது இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். என் தாமதத்தை அல்லாஹ் மன்னிப்பானாக. ஆமீன்.